கிரீன் டீ, கேப்ஸ்யூல், பால் டீ, ஏற்காடு காபி: குடல் பாக்டீரியாவின் பக்கம் நின்று ஒரு ஒப்பீடு

"டாக்டர் பால் டீயைக் குறைக்கச் சொல்லிட்டாரு. கிரீன் டீக்கு மாறட்டுமா, இல்ல கேப்ஸ்யூல் போட்டுக்கிட்டா போதுமா?" சேலத்து வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. ஏற்காட்டு மலைமேல் இருப்பவர்கள் கேட்பது கொஞ்சம் கோபமாக இருக்கும்: "எங்க தோட்டத்துக் காபியை விட்டுட்டு நீலகிரியிலிருந்து வர்ற இலையை எதுக்குக் குடிக்கணும்?"

டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் மில்லிகிராம் கணக்கை மட்டும் பார்த்தால் கிரீன் டீ சாறு அடைத்த கேப்ஸ்யூல்தான் முதலிடம். ஆனால் அது வாய்க்குள் போகும் அளவுதான். அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். அவற்றின் பக்கம் நின்று பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது.

## குடித்த பிறகு நடப்பது

கிரீன் டீயின் துவர்ப்புக்குப் பெரும் காரணம் கேட்டச்சின்கள் என்ற பாலிஃபீனால் (தாவரத் துவர்ப்புப் பொருள்) குடும்பம். அதில் முக்கியமானவை நான்கு. அளவில் முன்னிற்பது இ.ஜி.சி.ஜி. விளம்பரங்களில் அடிபடும் பெயரும் அதுதான். குடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது ரத்தத்தில் உச்சத்தைத் தொடுகிறது, ஆனால் அந்த உச்சமே மிகச் சிறியது. மூலக்கூறு பெரிது. சிறுகுடல் சுவருக்குள் நுழைந்ததிலும் ஒரு பங்கு திரும்ப வெளியே தள்ளப்படுகிறது. இன்னொரு பங்கு அமிலம் குறைந்த சிறுகுடலில் தானாகவே சிதைகிறது. மீதமெல்லாம் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது.

அங்கே முதல் வெட்டு, இ.ஜி.சி.ஜி-யோடு ஒட்டியிருக்கும் கேலிக் அமிலத்தைப் பிரிப்பது. பிரிந்த கேலிக் அமிலம் பைரோகேலாலாக மாறுகிறது. மிச்சமிருப்பது இ.ஜி.சி. அதன் நடு வளையத்தைத் திறக்க எல்லா பாக்டீரியாவாலும் முடியாது. எகர்தெல்லா லென்டா, அட்லர்கிரூட்சியா ஈக்வலிஃபேசியன்ஸ் போன்ற சிலவற்றுக்குத்தான் அந்தக் கைவேலை தெரியும். (இதய நோய் மருந்தான டிகாக்சினைச் சிலர் உடம்பில் செயலிழக்கச் செய்வதும் இதே எகர்தெல்லா லென்டாதான்.) திறந்த துண்டை ஃப்ளேவோனிஃப்ராக்டர் ப்ளௌட்டி போன்றவை எடுத்து வேலரோலாக்டோன் என்ற பொருளாக மாற்றுகின்றன. அதற்குப் பின் வருபவை சங்கிலியைக் குறுக்கிக் குறுக்கிச் சிறிய ஃபீனாலிக் அமிலங்களாக்குகின்றன. கடைசியில் கல்லீரலும் சிறுநீரகமும் அவற்றில் ஒரு பகுதியோடு கிளைசினைச் சேர்த்து ஹிப்யூரிக் அமிலமாகச் சிறுநீரில் அனுப்பிவிடுகின்றன.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு போலத்தான் இதுவும்: கம்பி இழுப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர். நடுவில் ஒரு ஆள் வராவிட்டால் சரக்கு அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஒரே டீயைக் குடித்த இருவரில் ஒருவர் சிறுநீரில் வேலரோலாக்டோன் நிறையவும் மற்றவரிடம் மிகக் கொஞ்சமாகவும் இருப்பது இதனால்தான். பெருங்குடலுக்கு உணவு போகாதபடி அறுவை சிகிச்சை ஆனவர்களிடம் இந்தப் பொருள்கள் ஏறக்குறைய வருவதே இல்லை. மற்றவர்களுக்கும் இவை ரத்தத்தில் தெரிய ஆறு மணி நேரமாவது ஆகும். காலை 11 மணிக்குக் குடித்த டீயின் வேலை மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் தொடங்குகிறது.

இந்தச் சிறு துண்டுகள் ஆய்வகச் செல்களில் அழற்சியைக் குறைத்திருக்கின்றன. எலிகளில் ரத்த அழுத்தத்தைக் குறைத்திருக்கின்றன. மனிதரில் இவற்றை மருந்து என்று சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை. "கொழுப்பைக் கரைக்கும்" என்ற பேச்சுக்கு வந்தால், எடை குறைப்பு பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2012 அறிக்கை, கிரீன் டீ தயாரிப்புகளால் வந்த எடைக்குறைவு பொருட்படுத்தும் அளவில் இல்லை என்றே முடித்தது. தொப்பைக்காக மட்டும் மாற நினைத்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

## எதை வைத்து எடை போடுகிறேன்

முதலில் பாதுகாப்பு: கல்லீரலுக்கோ, சாப்பிடும் மாத்திரைக்கோ வம்பு வருமா? இதில் தவறும் எதற்கும் மற்ற மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. இரண்டாவது, பெருங்குடல் பாக்டீரியாவுக்கு வேலை கொடுக்கும் பொருள் தினமும் ஒரே சீராகப் போகிறதா? மூன்றாவது, இரும்புச்சத்து. நான்காவது, காஃபினும் கூடவே வரும் சர்க்கரையும். ஐந்தாவதாக, பணமும் பழக்கமும். மூன்று மாதத்தில் அலமாரியில் தூசி படியப்போகிற டப்பாவுக்கு எந்தச் சத்தும் கிடையாது.

## கிரீன் டீ, இலையாக

தேயிலையைப் பறித்ததும் சூடு காட்டி, அதைக் கறுக்க வைக்கும் நொதியை நிறுத்திவிடுவதுதான் கிரீன் டீ. அதனால் கேட்டச்சின் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை காபி மலை. நமக்குக் கிடைக்கும் இலை பெரும்பாலும் குன்னூர், கோத்தகிரி பக்கத்திலிருந்து வருவது. ஒரு கோப்பைக்கு 2 கிராம் இலை போதும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 மதிப்பீட்டின்படி, டீயாகக் குடிப்பவர்களுக்கு ஒரு நாளில் சராசரியாக 90 முதல் 300 மில்லிகிராம் இ.ஜி.சி.ஜி கிடைக்கிறது, அந்த அளவு பொதுவாகப் பாதுகாப்பானது.

போடும் விதத்தில் நம் ஊர்க்காரர்கள் செய்யும் முதல் காரியம், பால் டீயைப் போலவே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க விடுவது. சாறு நிறைய இறங்கும், கசப்பும் சேர்ந்தே இறங்கும், மறுநாள் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். அடுப்பை அணைத்துச் சில நிமிடம் ஆறவிட்டு, பிறகு இலையைப் போட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் வடிகட்டினால் போதும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் தண்ணீர் கொதிப்பதே 95 டிகிரி வாக்கில்தான் என்பதால், அங்கே ஆறவைக்கும் நேரம் இன்னும் குறைவு.

தண்ணீரும் கணக்கில் வரும். போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும் வீடுகளில் கிரீன் டீ மங்கலாகப் பழுப்பாகி, மேலே ஏடு கட்டும். கடினத் தண்ணீரில் கேட்டச்சின் குறைவாகவே இறங்கும். காவிரித் தண்ணீரோ, வடிகட்டிய தண்ணீரோ நல்லது. இதில் ஒரு வேடிக்கை: சாறு குறைவாக இறங்குவதால் கடினத் தண்ணீர் டீயில் கசப்பும் குறைவு, சிலருக்கு அதுதான் பிடிக்கிறது. வடித்த பின் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் கேட்டச்சின் சிதையாமல் தாக்குப்பிடிக்கும் என்று செயற்கைச் செரிமானச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பிடித்தால் பிழியுங்கள்.

மறைமுகச் செலவு என்றால் இரும்புச்சத்துதான், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். கேட்டச்சினில் ஒட்டியிருக்கும் அந்தக் கேலிக் அமிலப் பகுதி, கீரை, பயறு, ராகியில் இருக்கும் இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது பாதிக்கும் கீழே போகக்கூடும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. அப்படிப்பட்ட ஒரு வீட்டில், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு "செரிமானத்துக்கு" என்று கிரீன் டீ கொடுப்பது, கீரையைக் கடைந்து கொடுத்துவிட்டு அதன் பலனைப் பிடுங்கிக்கொள்வது. சாப்பாட்டுக்கும் டீக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். வெறும் வயிற்றிலும் வேண்டாம், பலருக்குக் குமட்டும். காலை 11 மணி, மாலை 4 மணி என்பது நம் ஊர் டீ நேரத்தோடும் ஒத்துப்போகிறது.

டீ பேக் வாங்குபவர்களுக்கு இரண்டு வரி. துளசி, இஞ்சி, எலுமிச்சை என்று பெயர் போட்டவற்றில் தேயிலை எத்தனை சதவீதம் என்று உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் வலைப் பைகள் சூடான தண்ணீரில் நுண்பிளாஸ்டிக்கை உதிர்க்கின்றன. காகிதப் பையோ, சில்லறை இலையோ மேல். பாட்டிலில் குளிரவைத்து விற்கும் இனிப்பு கிரீன் டீயை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. அது குளிர்பானம்.

## மச்சா

மச்சா என்பது ஜப்பானிய கிரீன் டீ பொடி. இலையையே பொடித்துக் கலந்து குடிப்பதால், வடிகட்டியில் நின்றுவிடும் நார்ப்பகுதியும் பெருங்குடலுக்குப் போகிறது. பாக்டீரியாவின் கணக்கில் இது லாபம். ஆனால் மச்சாவுக்கான செடியை நிழலில் வளர்ப்பார்கள். நிழலில் தியானின் என்ற அமினோ அமிலம் கூடும், கேட்டச்சின் குறையும். காஃபினும் முழுதாக உள்ளே போகும். விலையோ, மாதம் முழுக்க நல்ல இலை டீ குடிக்கும் காசைச் சிறு டப்பாவுக்குக் கேட்கிறார்கள். ஆசைக்கு வாங்கலாம்.

## கிரீன் டீ கேப்ஸ்யூல்

என் பட்டியலில் முதல் நிபந்தனையிலேயே விழுவது இது மட்டும்தான்.

டீயாக நாள் முழுக்கச் சிறுகச் சிறுகப் போவது, கேப்ஸ்யூலில் ஒரே வாயில் போகிறது. வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் இ.ஜி.சி.ஜி அளவு, சாப்பிட்டுவிட்டுப் போடுவதைவிடப் பல மடங்கு ஏறுகிறது. "நல்லா உறிஞ்சுதுன்னா நல்லதுதானே" என்று தோன்றும். உறிஞ்சியது நேராகப் போய்ச் சேரும் இடம் கல்லீரல். ஒரு கிரீன் டீ சாறு மாத்திரை கல்லீரல் பாதிப்புகளின் காரணமாக 2003-இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. 2018-இல் மேலே சொன்ன ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், மாத்திரை வடிவில் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி எடுத்தால் கல்லீரல் நொதிகள் உயர்கின்றன என்று கண்டது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த அளவுக்குக் கீழேதான் விற்கவேண்டும் என்று சட்டமே வந்தது. வெறும் வயிற்றில் வேண்டாம், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் 18 வயதுக்குட்பட்டவரும் எடுக்கவேண்டாம் என்ற எச்சரிக்கைகளையும் டப்பாவில் போடச் சொன்னார்கள்.

இதில் சங்கடம் என்னவென்றால், யாருக்குப் பாதிக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. அமெரிக்காவில் கிரீன் டீ சாற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களிடம் எச்.எல்.ஏ-பி 35:01 என்ற மரபணு வகை இருந்தது. அது தனக்கு இருக்கிறதா என்று பரிசோதித்துவிட்டு மாத்திரை வாங்குபவரை நான் பார்த்ததில்லை. கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, காரணமில்லாத குமட்டல் என்று ஏதாவது தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும்.

பாக்டீரியாவின் கணக்கிலும் பெரிய லாபம் இல்லை. மேலே சொன்ன வரிசையில் வளையத்தைத் திறக்கும் இனங்கள் குறைவாக இருப்பவருக்கு, சரக்கை மூட்டையாகக் கொட்டினாலும் வேலை நடக்காது. காஃபினே ஆகாது, ஆனால் கேட்டச்சின் வேண்டும் என்பவர்களுக்குக் கேப்ஸ்யூல் வசதி என்று ஒரு வாதம் உண்டு. அவர்கள் காஃபின் நீக்கிய கிரீன் டீ இலையை வாங்கலாமே.

## பால் டீ

பாவம், இதைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். பால் டீக்குப் போடும் கறுப்புத் தேயிலையில், இலையை நசுக்கிக் காற்றாட விடும்போது கேட்டச்சின்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தியாஃப்ளேவின், தியாருபிஜின் என்ற பெரிய மூலக்கூறுகளாகிவிடுகின்றன. ரத்தத்துக்கு இவை அப்படியே வருவது மிகமிகக் குறைவு. அதனாலேயே பெருங்குடலுக்கு இவை ஏறக்குறைய முழுதாகப் போகின்றன, பாக்டீரியா இவற்றையும் உடைத்து ஃபீனாலிக் அமிலங்களாக்குகிறது. சிறுநீரில் ஹிப்யூரிக் அமிலம் கறுப்பு டீ குடிப்பவருக்கும் ஏறத்தான் செய்கிறது.

பால் சேர்த்தால் எல்லாம் வீண் என்பது பாதி உண்மை. பாலின் கேசின் புரதம் பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும். அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. ஆனால் கேசின் சிறுகுடலிலேயே செரித்துவிடும் புரதம்; பெருங்குடல்வரை அது கூட வந்து காவல் நிற்காது.

உண்மையான வில்லன் சர்க்கரை. கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு நான்கு டீ என்றால் 32 கிராமுக்குக் குறையாது. சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தட்டுவடை செட்டையும் மாலை டீயையும் விடமாட்டேன் என்பவர் டீயை மாற்றத் தேவையில்லை, "சர்க்கரை கம்மியா" என்பதை "சர்க்கரை இல்லாம" என்று மாற்றினால் போதும். கடையில் தயங்காமல் சொல்லுங்கள், இன்றைக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரும்பு விஷயத்தில் கிரீன் டீக்குச் சொன்னதே இதற்கும் பொருந்தும்.

## ஏற்காடு காபி

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டதிலிருந்து இந்த மலையின் பயிர் காபிதான், அதிலும் அராபிகா. காபியில் கேட்டச்சின் சொல்லும்படி கிடையாது. அதற்குப் பதில் குளோரோஜெனிக் அமிலங்கள். இவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சிறுகுடலில் போய்விட, மூன்றில் இரண்டு பங்கு பெருங்குடலுக்கு வருகிறது. அங்கே பாக்டீரியா அதைக் கஃபீயிக் அமிலமாகவும் குவினிக் அமிலமாகவும் வெட்டுகிறது. பிறகு டீயில் பார்த்த அதே வகைச் சிறு துண்டுகள், கடைசியில் அதே ஹிப்யூரிக் அமிலம். புறப்பட்ட ஊர் வேறு என்றாலும் கடைசி நிறுத்தங்கள் பலவும் ஒன்றுதான்.

2024-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் குடல் பாக்டீரியாவை ஆராய்ந்தபோது, லாசோனிபாக்டர் அசாக்கரோலிடிகஸ் என்ற இனம் காபி குடிப்பவர்களிடம் பல மடங்கு அதிகமாக இருந்தது. அந்த இனம் கூடுவதால் உடலுக்கு இன்ன நன்மை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் தினசரிக் கோப்பை குடலின் குடியிருப்பையே மாற்றும் அளவுக்குப் பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேடுவது கஷ்டம்.

மலைக்காரர்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: குளோரோஜெனிக் அமிலம் அராபிகாவைவிட ரொபஸ்டாவில்தான் அதிகம். கறுக்க வறுக்க வறுக்க இரண்டிலும் அது குறையும். ஆகவே இளவறுவல் கேட்டு வாங்குங்கள். பொடி பாக்கெட்டில் சிக்கரி எவ்வளவு என்றும் பாருங்கள். காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். அதாவது 49 சதவீதம்வரை சிக்கரி இருக்கலாம். ஏற்காடு காபி என்று நினைத்துக் குடிப்பதில் பாதி கிழங்காக இருக்க வாய்ப்புண்டு.

மறைமுகச் செலவுகள்: ஒரு கோப்பையில் காஃபின் கிரீன் டீயைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குத் தொந்தரவு. நம் பித்தளை, எவர்சில்வர் ஃபில்டர்கள் காகித வடிகட்டியைப்போல் காபி எண்ணெயைப் பிடித்து வைப்பதில்லை. அந்த எண்ணெயில் இருக்கும் கஃபெஸ்டால் எல்.டி.எல் என்ற கெட்ட கொழுப்பை ஏற்றும். எல்.டி.எல் ஏற்கெனவே அதிகம் இருப்பவர்கள் டிகாஷனைக் காகிதத்தில் ஒருமுறை வடிக்கலாம். இரும்பைத் தடுப்பதில் காபி, டீயைவிடக் கொஞ்சம் மென்மையானது, அவ்வளவுதான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | இலை கிரீன் டீ | மச்சா | கேப்ஸ்யூல் | பால் டீ | ஏற்காடு காபி |
|---|---|---|---|---|---|
| பாதுகாப்பு | நல்லது | அளவாக நல்லது | கல்லீரல் அபாயம் | நல்லது | நல்லது |
| பெருங்குடலுக்குப் போவது | கேட்டச்சின், சீராக | கேட்டச்சின், நாரோடு | கேட்டச்சின், ஒரே மூச்சில் | தியாருபிஜின் | குளோரோஜெனிக் அமிலம் |
| இரும்பைத் தடுப்பது | அதிகம் | அதிகம் | அதிகம் | அதிகம் | நடுத்தரம் |
| காஃபின் | குறைவு | நடுத்தரம் | தயாரிப்பைப் பொறுத்து | நடுத்தரம் | அதிகம் |
| கூடவே வரும் சிக்கல் | கடினத் தண்ணீர், கசப்பு | விலை | மருந்து மோதல், விலை | சர்க்கரை | சர்க்கரை, காபி எண்ணெய், சிக்கரி |
| பழக்கமாவது | சில வாரம் பிடிக்கும் | கடினம் | எளிது | ஏற்கெனவே உண்டு | ஏற்கெனவே உண்டு |

அட்டவணையில் இடம் பிடிக்காத ஒன்று இருக்கிறது: அந்த பாக்டீரியாக்களின் அன்றாடச் சாப்பாடு. அவை கேட்டச்சினை நம்பி உயிர் வாழ்வதில்லை, நார்ச்சத்தை நம்பி வாழ்கின்றன. ராகிக் களி, மொச்சை, தட்டைப்பயறு, கீரை, தோலோடு கொய்யா எல்லாம் அதற்குத்தான். நம் ஊர்ப் பெருமையான ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து, இந்தக் கணக்கில் அது கைகொடுக்காது. ஆன்டிபயாடிக் எடுக்கும் நாள்களிலும் அதற்குப் பின் சில வாரங்களிலும் எந்த டீ குடித்தாலும் உடைக்கும் கைகள் குறைவாகவே இருக்கும். அப்போது புதுப் பழக்கம் ஆரம்பித்துப் பலன் பார்க்க நினைக்கவேண்டாம்.

## யாருக்கு எது

சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவர், தினம் மூன்று நான்கு இனிப்பு டீ குடிப்பவர்: அதில் இரண்டை இலை கிரீன் டீயாக்குங்கள். இதில் பெரிய பலன் கேட்டச்சினால் வருவதில்லை, சர்க்கரை போடாமல் குடிப்பதால் வருகிறது.

நல்ல காபிப் பழக்கம் உள்ள, தூக்கம் கெடாத, நெஞ்செரிச்சல் இல்லாத ஏற்காட்டுக்காரர்: அப்படியே இருங்கள். சிக்கரியைக் குறையுங்கள், சர்க்கரையை விடுங்கள். கிரீன் டீக்கு மாறி உங்கள் பாக்டீரியாவுக்குப் பெரிதாக ஒன்றும் கூடப்போவதில்லை.

ரத்தசோகை உள்ள பெண்கள், கர்ப்பிணிகள்: எந்தப் பானமானாலும் சாப்பாட்டிலிருந்தும் இரும்பு மாத்திரையிலிருந்தும் தள்ளியே வையுங்கள். கர்ப்பிணிகள் காஃபினை நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்தவேண்டும். டீ, காபி இரண்டையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும் தறித் தொழிலாளி: கடைசி மூன்று நான்கு மணி நேரத்தில் காபி, டீ, கிரீன் டீ எதுவும் வேண்டாம்.

நாடலால் என்ற ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்: கிரீன் டீ அந்த மருந்து உடலில் ஏறுவதையே பெருமளவு குறைத்துவிடுகிறது, அதனால் தவிர்க்கவேண்டும். போர்டிசோமிப் என்ற புற்றுநோய் மருந்து ஊசி போகிறவர் கேப்ஸ்யூலைத் தொடவே கூடாது; இ.ஜி.சி.ஜி அந்த மருந்தோடு நேரடியாக ஒட்டி அதை முடக்கும் என்று ஆய்வகத்திலும் எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் கிரீன் டீயை லிட்டர் கணக்கில் குடிக்காமல், மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஒரே அளவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

டீயும் வேண்டாம், காபியும் வேண்டாம் என்பவர்: நெல்லிக்காய் சாப்பிடுங்கள். அதிலும் கேலிக் அமிலக் குடும்பத்துத் துவர்ப்புப் பொருள்கள் ஏராளம், அவற்றையும் பெருங்குடல் பாக்டீரியாதான் உடைக்கிறது. காஃபினும் கிடையாது.